தானாக வெட்டிக்கொள்ளும் ஆற்றுவாய்

எனக்குப் பொறாமை என்பதே கிடையாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிவந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக அம்மா ஒரு கதை வைத்திருந்தார். தங்கை தயாளினி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, அம்மாவின் பாயில் எனக்கிருந்த இடத்தை நானாகவே விட்டுக்கொடுத்து, தலையணையையும் எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கம் போய்ப் படுத்துவிட்டேனாம். "ஒரு சொல்லுச் சொல்லல்ல இந்தப் புள்ள" என்று அம்மா கதையை முடிப்பார். கேட்டவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைப்பார்கள். நானும் அடக்கமாகக் கீழே பார்ப்பேன். நான் எடுத்துக்கொண்டு போனது யாருடைய தலையணை என்று எவரும் கேட்டதில்லை. அது அம்மாவின் தலையணை.

போன கிழமை தயாவின் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்க்குழாய் ஒழுகத் தொடங்கியது. அவளுடைய வீடும் என்னுடைய வீடும் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து நிற்பவை. வேலைக்கு வந்தவர் பழைய குழாயை அறுத்து எறிந்துவிட்டுப் புதிய துண்டுக்குப் பசை பூசியபோது, அதன் வாசனை வளவைக் கடந்து என் விறாந்தைக்கு வந்தது. பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டும் அந்தப் பசையை நீங்கள் முகர்ந்திருப்பீர்கள். மிகவும் பழுத்துப்போன அன்னாசியோடு மண்ணெண்ணெய் கலந்ததுபோல மூக்கின் மேற்பகுதியில் போய் நிற்கும். மற்றவர்களுக்கு அது வீட்டு வேலையின் வாசனையாக இருக்கலாம். எனக்கு அது ஒரு மழைக்காலத்தின் வாசனை. என் கணவரும் என் தங்கையும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்து எங்கள் மீன்தொட்டிக்கு ஒரு வடிகால் அமைத்த மழைக்காலம் அது. வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு நான் வாசனை வந்த பக்கமாக நடந்தேன். அங்கே தயா என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அதைச் சொல்வதற்கு முன் அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகள்மாருக்கு ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுப்பதற்குள் ஒரு தகப்பனின் ஆயுள் தீர்ந்துவிடும். மணமாகும் ஆண், மனைவியின் வீட்டுக்குத் தன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். என் கணவர் சித்தாண்டியிலிருந்து அமிர்தகழிக்கு ஓர் உடுப்புப் பெட்டியோடும் ஒரு கண்ணாடி மீன்தொட்டியோடும் வந்தார். தொட்டி வைக்கோல் சுற்றி, சாக்கில் கட்டி, லொறியின் பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தது. பெட்டியை யாரும் கவனிக்கவில்லை. "மருமகன் சீதனம் கொண்டு வாறார்" என்று என் தாய்மாமா வாசலில் நின்று அறிவித்தார். வந்தவர்கள் சிரித்தார்கள். புது மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் தொட்டி படி ஏறும் வரையில் அவருடைய கண் அதன் மூலைகளைவிட்டு நகரவில்லை. என் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். அன்றைக்கே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

தொட்டி முன் அறையில், பக்கச் சுவரோரமாக, இரும்புத் தாங்கியின் மேல் இடம்பிடித்தது. அம்மாவுக்கு அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. மீன் வளர்க்கும் வீட்டில் கண்ணூறு தங்காது, வருகிற பார்வையை மீன் வாங்கிக்கொள்ளும் என்பது அவருடைய கணக்கு. மாமாவுக்குத்தான் அது விளங்கவில்லை. வாவியில் வலை வீசிப் பிழைத்தவர் அவர். "பிடிச்ச மீனுக்குச் சோறு போட்டு வளக்கிறத இப்பதான் காணுறன்" என்று ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்வார். சொல்லிவிட்டு நெடுநேரம் தொட்டியின் முன்னால் குந்தியிருப்பார்.

அப்போது கல்லடியில் புதிய பாலம் வந்திருக்கவில்லை. பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் போய் முடிந்தபின்தான் மறுபக்கம் நகரும். பாலத்துக்கு அப்பாலிருந்த ஒரு பாடசாலையில் நான் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். பாலத்தடியில் காத்துநின்ற பொழுதுகளில் எத்தனை நாவல்களை முடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. என் பொறுமையைப் பாராட்டுகிறவர்கள் அந்தப் பாலத்துக்கும் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும். என் கணவர் ஓட்டமாவடிப் பக்கம் ஓர் ஒபிஸில் படவரைஞராக இருந்தார். மாலையில் நான் முதலில் வருவேன். அவர் பஸ்ஸில் வந்து இறங்கி, சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நேரே தொட்டியிடம் போவார்.

தொட்டியின் தண்ணீர் அடிக்கடி மாற்றப்பட வேண்டியிருந்தது. அதுதான் எங்கள் இருவருடைய வேலை. அவர் ஒரு சிறு குழாயால் அடித்தண்ணீரை உறிஞ்சி வாளியில் விடுவார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கறிவேப்பிலையடியில் ஊற்றிவிட்டு, கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவருவேன். பேச்சு அதிகம் இருக்காது. "மெல்ல" என்பார். "ஓம்" என்பேன். புதுத் தண்ணீர் விழும்போது மீன்கள் எல்லாம் அந்த மூலைக்குக் கூடி வந்து மேலே பார்க்கும். நாங்களும் கன்னத்தோடு கன்னம் கிட்ட வைத்துக் கீழே பார்ப்போம். திருமணமான புதிதில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாத ஒரு வீட்டில், அம்மாவும் அப்பாவும் தங்கையும் நடமாடும் வீட்டில், எங்கள் தனிமை அந்த வாளியைச் சுற்றித்தான் இருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் எனக்குக் கரு ஒன்று தங்காமல் போயிருந்தது. டொக்டர் பாரம் தூக்க வேண்டாம் என்றிருந்தார். பாதி வாளி பாரமில்லை என்று நான் எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு தூக்கினேன். அந்த மாலை நேரத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஒரு நாள் அவர் ஒபிஸிலிருந்து வந்து, "இனி வாளி வேண்டாம்" என்றார்.

மருந்துக்கடையில் சேலைன் ஏற்றும் மெல்லிய குழாய் ஒன்று வாங்கி வந்திருந்தார். கூரைமேல் இருந்த தண்ணீர்த் தாங்கியிலிருந்து அந்தக் குழாயின் வழியே சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் உள்ள சிறு சக்கரத்தை உருட்டினால் சொட்டின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மிஞ்சுகிற தண்ணீர் தானாக வெளியே போக ஒரு வடிகால் வேண்டும். அவ்வளவுதான்.

"அப்ப நான்?" என்று நான் கேட்கவில்லை. "நல்லது" என்றேன். பொறாமையில்லாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த வடிகால்தான் அவ்வளவு லேசில் அமையவில்லை. டவுணில் கண்ணாடிக் கடைக்காரர் தொட்டியில் துளையிட மறுத்துவிட்டார். வெடித்தால் பொறுப்பில்லை என்றார். எனவே குழாய் தொட்டியின் விளிம்பைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். என் கணவர் நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் வரையத் தொடங்கினார். அங்கேதான் தயா வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு அப்போது இருபது வயதிருக்கும். தொழில்நுட்பக் கல்லூரியில் படம் வரையக் கற்றுக்கொண்டிருந்தாள். உடைந்த குடை, நின்ற மணிக்கூடு, பூட்டாத பூட்டு எதுவானாலும் அவள் கையில் கொடுத்தால் பிரித்துப் பரப்பி, திரும்பச் சேர்க்கும்போது ஒரு துண்டாவது மிஞ்சவைத்து, ஆனாலும் வேலைசெய்ய வைத்துவிடுவாள். அத்தானுக்கும் மச்சாளுக்கும் இடையில் கேலிக்கு எங்கள் ஊரில் தடையில்லை. சொல்லப்போனால் கேலி செய்யாவிட்டால்தான் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள்.

"அத்தான், இந்தப் படத்தில தண்ணி மேல ஏறுது. உங்கட ஒபிஸில எல்லாம் இப்பிடித்தானா?"

"மச்சாள் வரைஞ்சா மீனே படியேறி வெளிய போகும்."

குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்த எனக்கு இதெல்லாம் கேட்கும். நீராவியின் ஊடாக ஆட்களைப் பார்க்க முடியாவிட்டாலும் சிரிப்பைத் துல்லியமாகக் கேட்கலாம். அதுவரை தயா மாலை வேளைகளில் என்னோடுதான் இருப்பாள். தேங்காய் துருவும் திருவலைப் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான் கொண்டுவந்த கதைப் புத்தகத்தில் விளங்காத சொற்களைக் கேட்பாள். நான் சொல்லும் விளக்கத்தை நம்பாமல் இன்னொரு கேள்வி கேட்பாள். தேங்காய் எப்போது துருவி முடிந்தது என்று இருவருக்கும் தெரியாது. இப்போது பலகை சும்மா கிடந்தது. நான் கைத்துருவியால் நின்றுகொண்டே துருவினேன்.

நானும் முயலாமல் இல்லை. நூலகத்திலிருந்து மீன்களைப் பற்றிய தடித்த புத்தகமொன்றை எடுத்துவந்து, சாப்பிடும்போது அவற்றின் செவுள்களைப் பற்றி ஓர் அழகான விளக்கம் தந்தேன். இருவரும் மரியாதையாகக் கேட்டார்கள். நான் மூச்செடுத்த இடைவெளியில் தயா, "அத்தான், உள்ளுக்கால இருக்கிற வாயை வலையால கட்டினா என்ன?" என்றாள். செவுள்கள் அத்தோடு முடிந்தன.

அவரிடம் ஒரு பென்சில் இருந்தது. கொழும்பில் படித்த காலத்தில் வாங்கியது. உலோக உடம்பு, உள்ளே ஈயக்குச்சி மாற்றிக்கொள்ளலாம். அதை அவர் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. நான் ஒருமுறை சீனி, பருப்பு என்று கடைச் சாமான்களை எழுத எடுத்தபோது, ஒரு பேனையை என் கையில் வைத்துவிட்டுப் பென்சிலை மெதுவாக வாங்கிக்கொண்டார். ஒரு மாலை நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது அந்தப் பென்சில் தயாவின் கொண்டையில் செருகியிருந்தது. அவள் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, குழாயின் மட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தவறென்று சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. தவறென்று ஒன்று இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். ஒரு பென்சிலுக்காக எப்படிச் சண்டை பிடிப்பது?

பக்கத்து வளவு மச்சாள் ஒருத்தி வேலியோரம் நின்று, "என்னகா, உன்ட புருசனும் தங்கச்சியும் என்ன, கப்பல் கட்டுறாங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்கா. முடிஞ்சதும் உன்னைத்தான் முதல்ல ஏத்துறது" என்றேன். நன்றாகச் சொன்னேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல் வடிகால் அமைந்த கதையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எங்கள் ஆட்களைத் தவிர வேறொருவரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். மாரியில் வாவி பெருகும்போது மேற்குக் கரையின் வயல்கள் நீரில் தாழத் தொடங்கும். அப்போது கடலுக்கும் வாவிக்கும் இடையே மூடிக்கிடக்கும் மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். அதை ஆற்றுவாய் வெட்டுவது என்போம். எப்போது வெட்டுவது என்பதில்தான் வருடாவருடம் வழக்கு. வெட்டு என்பார்கள் வயல்காரர். வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும், பொறு என்பார்கள் தோணிக்காரர். எங்கள் வீட்டில் அப்பா வயல்காரர், மாமா தோணிக்காரர். மழை தொடங்கினால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் அந்த வழக்கு நடக்கும்.

ஆகவே வடிகால் என்றவுடன் வீட்டில் அத்தனை பேரும் ஆற்றுவாயைத்தான் நினைத்தார்கள். தண்ணீர் வெளியேறுவதென்றால் யாராவது தீர்மானித்து வெட்ட வேண்டும். எந்நேரமும் திறந்தே கிடக்கும் ஒரு வாய் அவர்களுடைய புத்திக்கு எட்டவில்லை. அப்பாவின் வற்புறுத்தலில் குழாயின் வெளி நுனிக்கு ஒரு மூடி போட்டார்கள். நீர் தொட்டியில் கீறிய ஒரு கோட்டை எட்டியதும் மூடியைத் திறப்பது என்று ஏற்பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சோதித்தார்கள். குழாயை நீரால் நிரப்பி, கீழே வாளி வைத்து, சேலைன் சக்கரத்தை முழுவதும் திறந்துவிட்டார்கள். நீர் கோட்டை எட்டியது.

"திற" என்றார் அப்பா.

"பொறுங்க மச்சான்" என்றார் மாமா. "இன்னும் நாலு விரல் கிடக்கு. தண்ணி கூடினாத்தான் மீனுக்குச் சந்தோசம்."

"உனக்கென்ன, நீ தோணில இருப்பாய். வேளாண்மை தாழும்."

"இதுக்குள்ள எங்க மச்சான் வேளாண்மை?"

"இதுக்குள்ள எங்கடா இறாலு?"

அவர்கள் இப்படி நியாயம் பேசிக்கொண்டிருக்க, தண்ணீர் யாருடைய தீர்ப்புக்கும் காத்திராமல் விளிம்பைத் தாண்டி நிலத்தில் விழத் தொடங்கியது. அம்மா அரிசிச் சாக்கை இழுத்தார். நான் சீலைத்துணியோடு நின்றேன். என் கணவர் பாய்ந்துபோய் மூடியைத் திறந்தார். அடைபட்டிருந்த நீர் சீறிக்கொண்டு இறங்கியது. அதனோடு ஒரு சிறு கப்பி மீனும் வந்து வாளிக்குள் விழுந்தது.

மாமா குனிந்து வாளிக்குள் பார்த்தார். "சொன்னன்தானே. வெட்டினா மீன் போகும்" என்றார்.

அன்று நான் வயிறு நோகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பாதி வேறொரு சந்தோசம். வடிகால் தோற்றுவிட்டது. மறுநாள் மாலை வாளி என்னிடம் திரும்பி வந்தது. அவர் "மெல்ல" என்றார். நான் "ஓம்" என்றேன்.

ஆனால் என் தங்கை தோல்வியை அப்படியே விட்டுவிடுகிறவள் அல்ல. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அவளுக்கான வீட்டுக்கு அத்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேசன்மார் மூலைக்கு மூலை மட்டம் பார்க்க, நீர் நிரப்பிய ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை இருமுனையிலும் தூக்கிப் பிடிப்பார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மாலையில் அந்தக் குழாயையே இரவல் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அத்தான், இஞ்ச பாருங்க. இந்தப் பக்கம் எவ்வளவு உயர்த்தினாலும் தண்ணி ரெண்டு பக்கமும் ஒரு மட்டத்துக்குத்தான் நிக்கும். அப்ப நாம வெளிய இறங்கிற குழாய்க் காலைத் திரும்ப மேல ஏத்துவம். எங்க தண்ணி நிக்கணுமோ அந்த உயரத்தில ஒரு கிளை வைப்பம். மிஞ்சினது மட்டும் அதால வழியும். மூடி என்னத்துக்கு? ஆரும் வெட்டத் தேவையில்ல."

"கிளையிட உச்சிய அடைக்கணும்தானே?"

"அடைக்கக் கூடாது அத்தான். அது மூச்சுவிடணும். அடைச்சா ஒரேயடியா இழுத்துத் தொட்டியையே காயப்போட்டிரும்."

அப்பா வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "தானா வெட்டுற ஆத்துவாய் எந்த ஊர்ல புள்ள கிடக்கு?" என்றார்.

"இஞ்சதான் கிடக்கப் போகுது அப்பா" என்றாள்.

என் கணவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பென்சிலை எடுத்து, தானே அவளிடம் நீட்டினார்.

ஓட்டமாவடியில் அவர் வழக்கமாகக் குழாய்ச் சாமான் வாங்கும் கடைக்கார நானா, "எத்தின பாத்ரூம் வாப்பா கட்டுறீங்க?" என்று கேட்டாராம். அதை அவர் வந்து தயாவிடம்தான் முதலில் சொன்னார். எனக்கு இரண்டாம் முறை சொன்னார். இரண்டாம் முறை சொல்லப்படும் பகிடி எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மிஞ்சும் தண்ணீர் வெளியே போவதற்குச் சுவரில் ஒரு துளை வேண்டும். வீடு என்னுடையது. சுவரும் என்னுடையதே. இருவரும் சேர்ந்து குசினி வாசலில் வந்து நின்றார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் மனைவியின் வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். அவரும் கேட்டார். நான் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"ஓட்டை எந்தப் பக்கம் போகும்?" என்றேன்.

"என்ட பக்கம் அக்கா. வாழை வைப்பம் எண்டிருக்கிறன்" என்றாள் தயா.

"அப்ப என்ட சுவரால உன்ட வாழைக்குத் தண்ணி."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. படம் வேண்டும் என்றேன், கொண்டுவந்தார்கள். சுவர் ஈரமாகாதா என்றேன், குழாயைச் சுற்றிச் சீமெந்து பூசுவோம் என்றார்கள். பாம்பு, பூரான் என்றேன், வெளிநுனிக்கு வலை கட்டுவோம் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன், ஒரு கிழமைக்கு மேல் யோசித்தேன். ஒரு சுவரைப் பற்றி அவ்வளவு யோசித்தவர் எங்கள் ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. அந்த நாட்களில் வாளி தூக்கும் மாலைகள் எனக்கு மிச்சமிருந்தன. அவர் முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார். அவசரம் என்று நினைத்தேன்.

கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தார். "அவளிட்ட என்னத்துக்கு இவ்வளவு பயந்து கேக்கிறீங்க? தங்கச்சிக்கு எண்டா அவள் இல்லை எண்டுவாளா? அவளுக்குத்தான் பொறாம எண்டதே கிடையாதே."

நம்பிக்கை என்பது எவ்வளவு பெரிய பூட்டு. நான் "இடிங்க" என்றேன்.

வடிகால் வேலைசெய்தது. உறுத்தலாக இருந்தது அதுதான், அது மிக நன்றாக வேலைசெய்தது. சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்க, மிஞ்சியது கிளையால் வழிந்து சுவரைத் தாண்டிப் போனது. நீர்மட்டம் ஒரு நூல் ஏறவில்லை, ஒரு நூல் இறங்கவில்லை. அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆரோட சண்டை பிடிக்கிறது இனி?" என்று மாமாவிடம் கேட்டார். குழாய்க் கிளையின் திறந்திருந்த உச்சி அவ்வப்போது காற்றை விழுங்கி, "குளுக்" என்று ஒரு சத்தம் எழுப்பும். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. மட்டக்களப்பு என்றதும் வெளியூர்க்காரர்கள் வாவியில் பாடும் மீனைத்தான் விசாரிப்பார்கள். எங்கள் வீட்டில் மீன் பாடியதில்லை, குழாய்தான் பாடியது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவரும் தயாவும் எந்த வேலையில் இருந்தாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தாங்கள் பெற்ற பிள்ளை முதல் சொல் பேசியதைக் கேட்டவர்கள்போல. இந்த உவமை அன்றைக்கே எனக்குத் தோன்றியது. ஏன் வலித்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வாளியைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தேன். அதன் அடியில் ஒரு தவளை குடியேறியது.

இரண்டு வருடத்தில் தயாவின் வீடு எழும்பியது. கட்டாரில் வேலைசெய்யும் ஒருவரை அவள் மணந்தாள். அதற்குள் என் மகன் பிறந்து, தொட்டியின் கண்ணாடியை நக்கக் கற்றுக்கொண்டிருந்தான். அவள் புது வீட்டுக்குப் போன அன்று பென்சிலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். என் கணவர் அதை எடுத்துப் பையில் குத்திக்கொண்டார். எனக்குப் பெரிய ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. மாலையில் தேங்காய் துருவப் போனபோது, திருவலைப் பலகையில் நானே உட்கார்ந்தேன். சொல்லுக்குப் பொருள் கேட்க ஒருவரும் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் நான் என் புருசனை அவளிடமிருந்து காத்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். என் தங்கையை அவர் எடுத்துக்கொண்டதற்கும் சேர்த்துத்தான் பொறாமைப்பட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒரே மட்டத்தில்தான் நின்றிருக்கிறது. எந்தப் பக்கத்தை நான் அளந்துகொண்டிருந்தேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். பசை வாசனையின் வழியே நான் தயாவின் குசினிக்குப் போனபோது அவள் நிலத்தில் குந்தி, வேலைக்காரருக்கு எதிரே ஒரு வளைவுத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. கொண்டை மட்டும் அதே இடத்தில்.

"மணக்குதா அக்கா?" என்றாள். "அத்தான்ட மணம்."

அத்தான்ட மணம். என் கணவர் காலமாகிச் சில வருடங்களாகின்றன. சோப்பும் பழைய காகிதமும் கலந்தது அவருடைய மணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவள் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள். "அந்த வடிகாலுக்கு அவர் பட்ட பாடு. டொக்டர் பாரம் தூக்க வேணாம் எண்டிருக்காராம், நீங்க வாளிய விடுறீங்களில்லையாம். வேணாமெண்டு சொன்னா உங்கட முகம் வாடிருமாம். எப்பிடியாவது வாளியையே இல்லாமலாக்கித் தா மச்சாள் எண்டு என்னைப் பிடிச்சு நிண்டார். உங்களுக்குத் தெரியும்தானே."

வேலைக்காரர் அரத்தால் குழாய் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள் நிலத்தில் விழுந்தது.

"ஓம், தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தச் செய்தி ஒரு மனைவியைக் குளிர்விக்க வேண்டியது என்று நீங்கள் நினைப்பீர்கள். குளிர்வித்ததுதான், வீட்டுக்குத் திரும்பி நடக்கிற தூரம் வரை. பிறகு விறாந்தையில் உட்கார்ந்ததும் பழையபடி அது வந்தது. என்னைப் பற்றிய கவலையை அவர் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? என் முகம் வாடும் என்று அவர் அறிந்திருந்ததை இத்தனை வருடமும் அவள் வைத்திருந்திருக்கிறாள். ஒளித்து வைக்கவுமில்லை. எல்லோருக்கும் தெரிந்த சாதாரண விஷயம்போலத் தன் குசினிச் சாமான்களோடு வைத்திருந்திருக்கிறாள். பென்சிலைத் திருப்பிக் கொடுத்தாள். இதைக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

தொட்டி இப்போது இல்லை. அவர் போன அடுத்த மாரியில் அதன் ஒரு மூலை கசியத் தொடங்கியது. மகன் கொழும்பிலிருந்து வந்து மீன்களைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து, கண்ணாடியைத் தனித்தனியாகக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். சேலைன் குழாய் கூரையோரத்தில் மஞ்சளாகிக் கொஞ்ச நாள் தொங்கியது. பிறகு அதையும் காணவில்லை. சுவரின் துளையைச் சீமெந்தால் அடைத்தாயிற்று. வெள்ளையடித்த பிறகும் அந்த வட்டம் மட்டும் சற்று வேறு வெள்ளையாகத் தெரிகிறது. அதன் வெளிப்பக்கத்தில், தண்ணீர் நின்ற பிறகும் தயாவின் வாழை குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. ஆற்றுவாய் எப்போது வெட்டுவது என்று சாப்பாட்டு நேரத்தில் வழக்காடிய அப்பாவும் மாமாவும் இல்லை. அம்மாவும் இல்லை, அவரோடு என்னைப் பற்றிய அந்த நம்பிக்கையும் போய்விட்டது. இப்போதெல்லாம் என்னைப் பொறாமையில்லாதவள் என்று சொல்ல ஒருவரும் இல்லாததால், நான் சற்றுச் சுதந்திரமாகப் பொறாமைப்படுகிறேன்.

நேற்று மாலை தயா வாழைப்பழச் சீப்பொன்றோடு வந்தாள். குசினியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய கணவர் இன்னும் கட்டாரில்தான். மகள் படிக்கப் போய்விட்டாள். பேச்சின் நடுவே அந்தக் குழாயின் சத்தம் எப்படியிருந்தது என்று கேட்டேன். நான் செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை. அவள் கன்னத்தை உள்ளுக்கு இழுத்து, நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு முறை செய்தாள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. அதே இடைவெளி.

அவளுக்குத்தான் சரியாக வருகிறது.

வளவில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்றில் நான் இருக்கிறேன். மற்றதில் அவள் இருக்கிறாள்.